பெற்றது எத்தனை, பிழைத்தது எத்தனை

குலசேகரன்பட்டினத்திலும் அதனைச் சூழ்ந்த தேரிக்காட்டு ஊர்களிலும், வயது எண்பதைக் கடந்த ஓர் ஆச்சியின் பக்கத்தில் திண்ணையில் அமர்ந்து, 'ஆச்சி, உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை?' என்று கேட்டால், அவள் ஓர் எண்ணைச் சொல்லி நிறுத்துவது அபூர்வம். 'பெத்தது ஏழு, பெழைச்சது அஞ்சு' என்று இரண்டு எண்களைச் சேர்த்துத்தான் சொல்லுவாள். மேலும் கேட்டால், போன இரண்டில் ஒன்று அம்மை கண்டு போயிற்று என்றும், மற்றொன்று 'வயித்துக்குள்ளயே தவறிட்டு' என்றும், வெற்றிலையை மடித்தபடியே, ஏற்ற இறக்கமற்ற குரலில் சொல்லி முடிப்பாள். அந்தப் பிள்ளைக்குப் பெயரில்லை, ஜாதகமில்லை, அதன் முகம் எப்படியிருந்தது என்பதுகூட அவளுக்குத் தெரிந்திராது. ஆயினும் அவளுடைய கணக்கில் அதற்கு ஓர் இடம் உண்டு. அவளுடைய பேத்தியிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஒன்பதாம் மாதத்தில், ஆஸ்பத்திரி மேஜையில் படுத்தபடி, 'துடிப்பு கிடைக்கலையே' என்ற சொல்லைக் கேட்டவளாக அவள் இருந்தால், 'ஒரு பையன்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். பாட்டியின் கணக்கில் இருந்த பிள்ளை பேத்தியின் கணக்கிலிருந்து எப்படி விழுந்தது என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விசாரம்.

குலசை என்று இப்பக்கத்தார் சுருக்கி அழைக்கும் இவ்வூர், பாண்டிய மன்னனுடைய பெயரைத் தாங்கி, ஒரு காலத்தில் மரக்கலங்கள் வந்து தங்கிய துறையாக விளங்கி, பிற்பாடு செம்மணலும் பனைமரமும் உப்புக் காற்றுமாக அடங்கிப்போன ஊர். ஆண்டுக்கொரு முறை தசரா வரும்போது, முத்தாரம்மன் சந்நிதியில் காப்புக் கட்டிக்கொண்டு, காளியாகவும் குறவனாகவும் அரசனாகவும் பிச்சைக்காரனாகவும் வேஷம் பூண்டு, வீதிதோறும் காணிக்கை பெற்று வரும் பக்தர்களால் அது மறுபடியும் உயிர்பெறும். அவ்வேஷதாரிகளில் பிள்ளை வரம் வேண்டி விரதம் பூண்டவர்களும் உண்டு. இங்கே அமையவிருக்கும் இஸ்ரோவின் புதிய ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டதிலிருந்து, வருங்காலத்தில் உலகமே காதுகொடுத்துக் கேட்கப்போகும் ஓர் எண்ணிக்கைக்கு, பத்து ஒன்பது எட்டு என்று இறங்கிவரும் அந்த எண்ணிக்கைக்கு, இவ்வூர் காத்திருக்கிறது. நான் சொல்லவந்ததும் ஓர் எண்ணிக்கையைப் பற்றித்தான். ஆனால் அதை ஒலிபெருக்கியில் யாரும் சொல்லமாட்டார்கள்.

கர்ப்பம் 28 வாரங்களை எட்டிய பின், உயிரின் அடையாளம் எதுவுமின்றி ஒரு சிசு பிறக்குமானால், அதனை மருத்துவ உலகம், நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பொருட்டு, இறந்து பிறந்த குழந்தை என்று வகைப்படுத்துகிறது. ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்த நிறுவனங்கள் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட முதலாவது முழு மதிப்பீட்டின்படி, 2019-ஆம் ஆண்டில் மட்டும் இவ்வாறு பிறந்த சிசுக்கள் ஏறத்தாழ 19 லட்சம். 16 வினாடிக்கு ஒன்று. அவற்றில் இந்தியாவின் பங்கு 3 லட்சத்து 40 ஆயிரம். வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. 2000-ஆம் ஆண்டில் இந்தியாவின் தொகை எட்டரை லட்சமாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனெனில் விதி என்று எண்ணப்பட்டதில் பாதிக்கு மேல் விதி அன்று என்பதை இருபது ஆண்டுகளின் அனுபவமே காட்டிவிட்டது. உலகில் இவ்வாறு இறந்து பிறப்பவற்றுள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவை பிரசவ வலி கண்ட பின், அதாவது கடைசிச் சில மணி நேரத்தில், நேர்பவை.

இத்தனை பெரிய தொகை நெடுங்காலம் உலகத்தின் கண்ணில் படவேயில்லை. 2000-ஆம் ஆண்டில் நாடுகளெல்லாம் கூடி வகுத்த இலக்குகளில் சிசு மரணம் உண்டு, தாய் மரணம் உண்டு. இறந்து பிறப்பது இல்லை. 2015-இல் புதிதாக வகுத்தபோதும் அதற்கு இடம் கிடைக்கவில்லை. உயிரோடு பிறந்தால்தானே இறந்தது என்று எழுதலாம் என்ற குமாஸ்தாவின் தர்க்கம் போலும் இது! நமது நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் மேலானது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், பிறப்பு என்ற சொல்லுக்குள்ளேயே இறந்து பிறத்தலையும் அடக்கி, 21 நாளுக்குள் அதனைப் பதிவுசெய்ய வேண்டும் என்று விதித்திருக்கிறது. 2014-இல் இந்திய அரசு வகுத்த சிசு நலத் திட்டம், 2030-க்குள் ஆயிரம் பிறப்புக்கு இத்தகையவை பத்துக்கும் கீழே வரவேண்டும் என்று இலக்கும் குறித்தது.

சட்டத்துக்கும் முன்னால் நம்முடைய பழந்தமிழர் ஒரு கணக்கு வைத்திருந்தனர். சோழன் செங்கணானிடம் தோற்றுச் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, கேட்ட தண்ணீர் காலந்தாழ்ந்து வந்ததால் மானம் பொறாது பாடியதாக வழங்கும் புறநானூற்றின் 74-ஆம் பாட்டில், குழந்தை இறந்தாலும், உருப்பெறாத தசைப்பிண்டமாகவே பிறந்தாலும், அதனையும் ஓர் ஆளாகவே மதித்து வாளால் கீறி அடக்கம் செய்த மறக்குடி வழக்கம் பேசப்படுகிறது. அந்த வாளை நாம் விரும்பவேண்டியதில்லை. ஆனால் மூச்சுவிடாத சிசுவையும் மனிதர் கணக்கில் சேர்த்த அந்த மனம் கவனிக்கத்தக்கது. பிற்காலத்திலும், கர்ப்பத்தோடு இறந்த பெண்ணுக்காகப் பாதையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். சுமையை இறக்காமலே போனவளுக்காக, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி இளைப்பாறும் கல். தாய் பிழைத்துப் பிள்ளை மட்டும் போனால் கல்லும் இல்லை. அக்டோபர் 15-ஆம் நாளை, கர்ப்பத்திலும் பிறந்தவுடனும் இழந்த சிசுக்களை நினைக்கும் நாளாக இப்போது பல தேசங்களில் அனுஷ்டிக்கிறார்கள். 2021-இல் அந்த நாளும், குலசையில் சூரசம்ஹாரம் நிகழும் விஜயதசமியும் ஒன்றாகவே வந்தன.

இனி, ஏன் இவ்வாறு நேர்கிறது என்னும் கேள்விக்கு வருவோம். ஊரார் சொல்லும் காரணங்கள் எல்லோருக்கும் தெரியும்: கிரகண நேரத்தில் வெளியே போனாள், உச்சிவேளையில் பனங்காட்டுப் பாதையில் நடந்தாள், கை தூக்கித் துணி காயப்போட்டாள், அவள் ராசி அப்படி. கவனித்தால், இவை அனைத்தும் ஒரே இடத்தில், அந்தப் பெண்ணின் தலையில், போய் முடிவதைக் காணலாம். வைத்தியர்கள் சொல்லும் காரணங்கள் வேறு. அவற்றுள் பிரதானமானது நச்சுக்கொடியின் தளர்ச்சி. தாயின் ரத்தத்திலிருந்து சிசுவுக்கு ஆகாரத்தையும் பிராணவாயுவையும் எடுத்துக் கொடுக்கும் அந்த உறுப்பு, ரத்த அழுத்தத்தாலோ வேறு நோயாலோ நலிந்துபோனால், சிசு முதலில் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும், பிறகு அசைவைக் குறைத்துக்கொள்ளும், கடைசியில்தான் இருதயம் நிற்கும். இந்த வரிசையை மனத்தில் கொண்டால், மாதந்தோறும் நர்ஸம்மா அளவுநாடா வைத்து வயிற்றை அளப்பதும், எடை போடுவதும், கையில் பட்டை சுற்றி அழுத்தம் பார்ப்பதும் வெறும் சடங்கு அல்ல என்பது விளங்கும். அழுத்தம் 140-க்கு 90 என்ற அளவைத் தொட்டாலே அது எச்சரிக்கை; அதனோடு தீராத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. 'மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்' என்ற வார்த்தை பாதி உண்மையாக இருப்பதால்தான் முழுப் பொய்யைவிட அபாயமாக இருக்கிறது.

அடுத்தது சர்க்கரை. கர்ப்ப காலத்தில் மட்டும் தலைகாட்டும் சர்க்கரை நோய், தாய்க்கு எந்த வேதனையும் தராமல், சிசுவைத் தேவைக்கு மேல் பருக்கவைத்து, கடைசி வாரங்களில் திடீரென்று உயிரைப் பறித்துவிடக்கூடியது. இதனைக் கண்டுபிடிக்க, பட்டினி கிடந்து வரவேண்டிய அவசியமின்றி, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரங்கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்து, 140 என்ற அளவைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் எளிய முறையைப் பரப்பியவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா. அதிகாலையில் பட்டினியாகப் பஸ் ஏறி வர முடியாத கிராமத்துக் கர்ப்பிணியை மனத்தில் வைத்து உருவான முறை அது. அவருடைய பிறந்தநாளாகிய மார்ச் 10, கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக நம் நாட்டில் அனுஷ்டிக்கப்படுகிறது. ரத்தசோகை, கிரந்தி நோய், ரத்த வகையில் வரும் ஆர்எச் முரண்பாடு, கருவிலேயே அமைந்துவிடும் உறுப்புக் குறை, 41 வாரங்களைத் தாண்டியும் வலி காணாத கர்ப்பம் என்பன பிற காரணங்கள். தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் நம் சம்பிரதாயம் உறுப்புக் குறைகளை ஓரளவு கூட்டுகிறது என்பதை, கேட்கக் கசந்தாலும், சொல்லாமல் விடுவதற்கில்லை.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். தூத்துக்குடி உப்பளங்களிலும் செங்கற் சூளைகளிலும் வயல்களிலும் வெயிலில் நின்று வேலை செய்யும் கர்ப்பிணிகளின் நிலை நீண்ட காலம் அதிகம் ஆராயப்படவில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள், தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கடும் உஷ்ணத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கரு கலைதல் முதலான தீங்குகள் மற்றவரைப்போல் இரு மடங்காக இருந்ததைக் கண்டனர். உப்பளத்துப் பெண் கிரகணத்துக்கு அஞ்சி வீட்டுக்குள் இருப்பாள். ஆண்டுக்கு ஓரிரு முறை வருவது அது. தினந்தோறும் வரும் உச்சிவெயிலுக்கு அவள் அஞ்சினால் அன்றைய கூலி போய்விடும்.

ஒலிபெருக்கியில் யாரும் சொல்லமாட்டார்கள் என்று நான் முதலில் சொன்ன எண்ணிக்கை, சிசுவின் அசைவுதான். ஐந்தாம் மாத வாக்கில், மீன் துள்ளுவதுபோலத் தோன்றத் தொடங்கும் அசைவு, ஏழாம் மாதத்துக்குள் ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். எந்நேரம் உறங்கும், எந்நேரம் உதைக்கும் என்பது தாய்க்குத் தெரிந்ததுபோல் ஸ்கேன் கருவிக்கும் தெரியாது. அந்த ஒழுங்கு குறைந்தால், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வேறு வேலையில் மனம் செலுத்தாமல், விரல்விட்டு எண்ணிப் பார்க்க வேண்டும்; இரண்டு மணி நேரத்தில் 10 அசைவு தெரியாவிட்டால் உடனே புறப்பட வேண்டும்; அசைவே இல்லையென்றால் அந்த இரண்டு மணி நேரமும் காத்திருக்கலாகாது. இந்த இடத்தில்தான் வீட்டுப் பெரியவர்களின் அன்பு குறுக்கே வருகிறது. 'ஒரு கருப்பட்டிக் காப்பி குடிச்சிட்டுப் படு, பிள்ளை முழிச்சிக்கிடும்' என்பார்கள். 'மாசம் நெருங்கிட்டுல்லா, எடமில்லாம அசையமாட்டேங்கு' என்பார்கள். உடன்குடிக் கருப்பட்டியின் ருசியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது வைத்தியம் அன்று. மாதம் நெருங்கினால் அசைவின் தன்மை மாறுமேயன்றி அசைவு குறைவது இயல்பன்று. மாறாக, 'மல்லாந்து படுக்காதே' என்று அதே பெரியவர்கள் சொல்வதில் பொருளுண்டு; 28 வாரத்துக்குப் பின் மல்லாந்து உறங்குவது தாயின் பெரிய ரத்தநாளத்தை அழுத்திச் சிசுவுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது என்று நியூசிலாந்து முதலிய தேசங்களின் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படுக்காவிட்டால் கொடி கழுத்தில் சுற்றிக்கொள்ளும் என்பதற்கு மட்டும் ஆதாரமில்லை. கேட்டு நடப்பதால் தீங்குமில்லை.

ஆயினும் தாய் எண்ணினால் மட்டும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை உட்படுத்திய ஒரு பெரிய பரிசோதனையில், அசைவைக் கவனிக்கும்படி தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்லி, ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு முறையை வகுத்துக் கொடுத்தும், மரணங்கள் நிச்சயமாகச் சொல்லும்படி குறையவில்லை என்று 2018-இல் வெளியாயிற்று. இதனால் அசைவைக் கவனிப்பது வீண் என்று ஆகாது. சொன்ன பெண்ணின் வார்த்தையை வாங்கி, சிசுவின் இருதயத் துடிப்பைப் பதிவுசெய்து, வளர்ச்சியை அளந்து, வேண்டுமானால் காலத்தில் பிரசவிக்கச் செய்யும் கை அந்தப் பக்கத்தில் திறமையாக இருந்தாலன்றி, விழிப்புணர்வு என்பது கதவைத் தட்டும் ஓசையாகவே நின்றுவிடும் என்றுதான் நான் அதனைப் பொருள்கொள்கிறேன்.

தமிழ்நாட்டில் அந்தக் கதவுகள் பல திறந்தே இருக்கின்றன. பிரசவங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. கர்ப்பம் உறுதியானதும் கிராமச் செவிலியர் பிக்மி என்னும் கர்ப்பப் பதிவு எண்ணைக் கொடுத்துப் பதிந்துவிடுகிறார். 1987-இல் 300 ரூபாயோடு தொடங்கி இன்று 18,000 ரூபாயாக வளர்ந்துள்ள டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் தவணைகள், பரிசோதனைக்கு வந்தால்தான் என்று கட்டப்பட்டிருக்கின்றன. 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. குலசையிலிருந்து திருச்செந்தூர் பதினான்கு கிலோமீட்டர் அளவு. தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ ஐம்பதுக்கும் மேல். தூரத்தைவிட எனக்கு அச்சந்தருவது பஞ்சாங்கம். பனிக்குடம் உடைந்த பின்னும் ராகுகாலம் கழியட்டும் என்று வாசலில் நிறுத்திவைப்பதும், அஷ்டமி நவமியில் பிள்ளை வேண்டாம், சித்திரை பிறக்கும் முன் எடுத்துவிடுங்கள் என்று வைத்தியரை நெருக்குவதும், வலி மெதுவாக வருகிறது என்று பொறுமையிழந்து 'ஒரு வலி ஊசி போட்டுவிடுங்களேன்' என்று மன்றாடுவதும் நம் வீடுகளில் சகஜம். கருப்பை சுருங்கும்போதெல்லாம் சிசுவுக்குப் போகும் ரத்தம் ஒரு கணம் தடைபடும். இடையிடையே அது மூச்சுவாங்கிக்கொள்ள அவகாசம் வேண்டும். துடிப்பைக் கவனியாமல் ஊசியால் வலியைக் கூட்டினால் அந்த அவகாசம் போய்விடுகிறது. ஆடிப்பூரத்தில் நெல்லை காந்திமதி அம்மனுக்கே வளைகாப்பிட்டு மகிழும் ஊர்க்காரர் நாம். வளையல் அடுக்குவதில் காட்டும் அக்கறையில் கொஞ்சத்தை, பிரசவ அறையில் எத்தனை நிமிஷத்துக்கு ஒரு முறை சிசுவின் துடிப்பைக் கேட்கிறார்கள் என்று விசாரிப்பதில் காட்டலாம்.

எல்லாம் செய்தும் சில பிள்ளைகள் தங்குவதில்லை. அப்போது வீட்டு ஆண்கள் சிசுவைத் துணியில் சுற்றி எடுத்துப்போய், தாய் மயக்கம் தெளியுமுன் அடக்கம் செய்துவிட்டுக் குளித்து வந்துவிடுவார்கள். பார்த்தால் மறக்கமாட்டாள் என்பது அவர்கள் நியாயம். பாராதவள் மறந்துவிடுகிறாளா? பார்ப்பதா வேண்டாமா என்பதை அவளிடமே கேட்டு, விரும்பினால் மடியில் கொடுத்து, சற்று நேரம் தனித்திருக்க விடுவதே நல்லது என்று இத்துறையினர் பலரும் இப்போது சொல்கிறார்கள். மூன்றாம் நாள் அவளுக்குப் பால் சுரக்கும். இதனை யாரும் முன்கூட்டிச் சொல்லிவைப்பதில்லை; குடிக்க வாயில்லாத பால் கட்டிக்கொண்டு தெறிக்கும்போதுதான் அவள் முதன்முறையாக வாய்விட்டு அழுவாள். பால் வற்ற மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவது நம் பாட்டிமார் அறிந்த வைத்தியம்; வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 1988-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அதனை மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, மல்லிகையும் பயன்தரக் கண்டனர்.

வேலைக்குப் போகும் பெண்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தை என்ற சொல்லுக்கு இறந்து பிறந்த குழந்தையும் அடங்கும் என்று தெளிவாகவே பொருள் சொல்லியிருந்தது; 'பிள்ளைதான் இல்லையே, உனக்கு ஏன் லீவு?' என்று கேட்பது அந்தச் சட்டத்துக்குப் பொருந்தாத கேள்வியாகவே இருந்தது. மத்திய அரசு தன் பெண் ஊழியர்களுக்கு இத்தகைய இழப்பின்போது 60 நாள் விசேஷ விடுப்பு அளித்து 2022 செப்டம்பரில் ஆணையும் பிறப்பித்தது. தாமிரபரணிக் கரையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணுக்கும், ஓலைப்பெட்டி முடையும் பெண்ணுக்கும் இவ்விடுப்புகளைக் கொடுக்க முதலாளி என்று ஒருவர் எதிரே இருப்பதில்லை. வீட்டார்தான் கொடுக்க வேண்டும்.

காரணத்தை அறிய முயல்வதும் துக்கத்தின் ஒரு பகுதியே. நச்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்புவதும், தாயின் சர்க்கரை, அழுத்தம், தைராய்டு, ரத்த உறைவு பற்றிய சோதனைகளைச் செய்வதும், அடுத்த கர்ப்பத்தைக் காக்கும் வழிகளாம். அழுத்தம் கூடும் அபாயமுள்ளவர்களுக்கு மூன்றாம் மாதம் முடிந்ததும் சிறிய அளவு ஆஸ்பிரின் தொடங்குவதுண்டு, வைத்தியர் சொல்லின்படி மட்டும். இவற்றையெல்லாம் செய்ய, முன்பு ஒன்று தவறியது என்பது வைத்தியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுமுறை கர்ப்பமுற்று வருகிறவளிடம் செவிலியர், 'எத்தனையாவது பிள்ளைம்மா?' என்று கேட்கும்போது, பக்கத்தில் நிற்கும் மாமியார் முந்திக்கொண்டு, 'தலைப்பிள்ளைதான்' என்று சொல்லிவிடுவதுண்டு. திருஷ்டி பட்டுவிடுமோ என்ற பயமும் வெட்கமும் கலந்த பதில் அது. ஆஸ்பத்திரிச் சீட்டில் இதற்கென்றே நாலெழுத்து வைத்திருக்கிறார்கள். ஜி என்பது எத்தனை முறை கருவுற்றாள் என்பது. பி என்பது எத்தனை பெற்றாள் என்பது. எல் என்பது எத்தனை உயிரோடிருக்கிறது என்பது. ஏ என்பது கலைந்தவை. பள்ளிக்கூடம் பாராத நம் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து சொன்ன இரண்டு எண்களும் இந்த நாலுக்குள் இருக்கின்றன. மாமியார் சொன்னதை எழுதப் பேனாவைத் திறந்த செவிலியர், நிமிர்ந்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து மறுபடியும் கேட்டாரானால், அவள் தலையைக் குனிந்துகொண்டு, 'ரெண்டாவது சிஸ்டர்' என்று சொல்லுவாள். சீட்டில் பி-க்கு நேரே ஒன்றும் எல்-லுக்கு நேரே சுழியும் விழும்.